டேப்லெட்டில் செய்தி வாசிப்பு: செயலியை ஆக்குவதும் புதுப்பிப்பதும்

செய்தி வாசிப்புச் செயலி சொந்தமாக ஒரு செய்தியையும் எழுதுவதில்லை. பல இடங்களில் வெளியாகும் செய்திகளைக் கொண்டுவந்து சேர்த்து, பத்திரமாக வைத்திருந்து, வாசகர் கேட்கும்போது விரித்துக் காட்டுவதே அதன் தொழில். இந்த மூன்றில் கடைசியானதுதான் வெளியே தெரியும். பாராட்டுவோரும் குறை சொல்வோரும் அதைப் பார்த்தே பேசுகிறார்கள். ஆனால் ஒரு செயலி ஐந்தாண்டு நிற்குமா, ஆறே மாதத்தில் கைவிடப்படுமா என்பது கொண்டுவருவதிலும் வைத்திருப்பதிலும் எடுத்துக்கொண்ட கவனத்தைப் பொறுத்தது. முதல் பதிப்பை வெளியிட்ட பிறகு அவற்றை விடாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை.

கொண்டுவருவதற்கு அடிப்படை செய்தியோடை. ஒரு தளம் தன் புதிய செய்திகளின் தலைப்பு, சுருக்கம், சுட்டி, வெளியான நேரம் ஆகியவற்றைக் கணினி படிக்கும்படி ஒரே கோப்பில் எழுதி வைக்கிறது. ஆர்.எஸ்.எஸ். எனப்படும் இந்த முறை 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. இன்று பெருவழக்காக உள்ள 2.0 பதிப்பு 2002இல் வந்தது. அதன் குழப்பங்களைத் தீர்க்க உருவான ஆட்டம் என்ற வடிவம் 2005இல் தரநிலையானது. தமிழில் இதன் பயனை விரிவாகக் காட்டியது, காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி. ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சிதறிக் கிடந்த வலைப்பதிவு எழுத்தை அது ஒரே முகப்பில் சேர்த்தது. புதுக்கோட்டையில் 2015 அக்டோபர் 11 அன்று வலைப்பதிவர் திருவிழா நடத்திய தலைமுறை, ஒருவரையொருவர் முகமறியாமலே படித்துப் பழகியது இத்தகைய திரட்டிகளின் துணையோடுதான். ஆனால் அவையெல்லாம் மேசைக் கணினியை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை.

ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்ததும் செய்தி வாசிப்பு இரண்டு பாதைகளில் பிரிந்தது. ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த அங்கித் குப்தா, அக்‌ஷய் கோத்தாரி இருவரும் அதே ஆண்டில் செய்த பல்ஸ் செயலி, ஓடைகளை எடுத்துப் படவரிசைகளாக அடுக்கியது. ஜூலையில் வந்த ஃப்ளிப்போர்டு அவற்றையே இதழ்ப் பக்கம்போலப் புரட்ட வைத்தது. இன்னொரு பக்கம், அச்சு இதழ்கள் தங்கள் பக்கங்களை அப்படியே படமாக்கி ஏற்றின. வயர்டு இதழின் முதல் ஐபேட் பதிப்பு ஏறத்தாழ 500 மெகாபைட் இருந்தது. நியூஸ் கார்ப்பரேஷன் டேப்லெட்டுக்கென்றே 2011 பிப்ரவரியில் தொடங்கிய ‘தி டெய்லி’ நாளிதழ் 2012 டிசம்பரில் மூடப்பட்டது. பணமும் ஆளும் குறையாத அந்த முயற்சி தோற்றதற்குக் காரணங்கள் பல. செய்தியை ஒரே கருவிக்குள், ஒரே வடிவத்துக்குள் பூட்டி வைத்தது அவற்றுள் முக்கியமானது. இன்றும் தமிழ் நாளிதழ்களின் இ-பேப்பர்கள் இரண்டாம் பாதையில்தான் இருக்கின்றன. பழகிய பக்க அமைப்பு கண்ணுக்குப் பிடித்திருப்பது உண்மைதான். ஆனாலும் எட்டங்குலத் திரையில் அச்சுப் பக்கத்தைப் பெரிதாக்கி, பத்தி பத்தியாக இழுத்து இழுத்துப் படிப்பது வாசிப்பாகாது.

இந்திய மொழிகளில் முதல் தடை திரையில் எழுத்தை வரவழைப்பதாகவே இருந்தது. தொடக்ககால ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. செய்தி வரும், எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். உமேஷ் குல்கர்னி, சந்திரசேகர் சோஹோனி ஆகியோர் 2009இல் தொடங்கிய நியூஸ்ஹன்ட், எழுத்துரு இல்லாத கைபேசியிலும் இந்திய மொழிகளைத் தானே வரைந்து காட்டும் நுட்பத்தோடு வந்தது. அது பரவியதற்கு அந்த நுட்பமே பெரிய காரணம். 2012இல் வெர்ஸ் இன்னொவேஷன் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2015இல் டெய்லிஹன்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மலேசியாவில் முத்து நெடுமாறனும் இரா. முத்தரசனும் 2012இல் தொடங்கிய செல்லியல், கையடக்கக் கருவியில் தமிழ்ச் செய்தி படிப்பதை இயல்பான பழக்கமாக்க முயன்றது. ஐபேட், ஐபோன் கருவிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளிணைப்பாகவே வந்தது 2013இல், ஐஓஎஸ் 7 பதிப்பில். கட்டம் தெரியும் காலம் இன்று போய்விட்டது. ஆனால் எழுத்தால் வரும் சிக்கல் தீரவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கி என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். வாசகருக்கு அது ஆறெழுத்து. யுனிகோடில் பத்துக் குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் முப்பது பைட். தலைப்பை முதல் இத்தனை குறியீட்டோடு வெட்டு என்று நிரல் எழுதினால், வெட்டு எழுத்தின் நடுவில் விழும். ஏழாம் குறியீட்டில் வெட்டினால் ‘அறந்தாங’ என்று புள்ளியிழந்து நிற்கும். அறிவிப்புப் பட்டையில் இப்படி முடமான தலைப்புகளைப் பார்த்திராத தமிழ் வாசகர் குறைவு. எண்ண வேண்டியது குறியீட்டை அல்ல, எழுத்தை. அதற்கான வசதி ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் இருக்கிறது. பயன்படுத்தாமல் விடுவதுதான் குறை.

தேடல் இன்னும் மோசமாக உடையும். இத்தகைய செயலிகள் செய்திகளை எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தில் வைப்பது வழக்கம். அதன் முழுவுரைத் தேடல் வசதி, இயல்பான அமைப்பில், எழுத்து வகையையும் எண் வகையையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். உயிர்க்குறியும் புள்ளியும் யுனிகோடில் வேறு வகை. ஆகவே அவை வரும் இடத்திலெல்லாம் சொல் அறுபடும். அறந்தாங்கி ‘அறந’, ‘த’, ‘ங’, ‘க’ என நான்கு துண்டாகும். அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் இது சரியாகிவிடும். அந்த ஒரு வரி தேவை என்பது ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. அடுத்த தொல்லை கொ, கோ, கௌ வரிசை. கோட்டைப்பட்டினத்தின் முதலெழுத்தை மெய்யோடு ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. உள்ளே வரும் எல்லா உரையையும் யுனிகோடு இயல்பாக்கத்தில் ஒருமுறை போட்டெடுத்த பிறகே சேமிக்க வேண்டும். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியிருந்தால் அந்த இயல்பாக்கமும் உதவாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

ஊர்ச் செய்தியைப் பிரித்தெடுப்பது இந்த இடத்தில்தான் சுவாரசியமாகிறது. மாவட்டச் செய்தி என்ற பெரிய கூடையில் தங்கள் ஊர் எங்கே கிடக்கிறது என்பதே அறந்தாங்கி வாசகரின் கேள்வி. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்த செய்தி கடைமடைக்காரர்களுக்கு ஒரு பொருளில் முக்கியம். கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை ஜெகதாப்பட்டினத்துக்கு வேறு பொருளில் முக்கியம். ஓடைகளில் ஊர்ப் பெயர் தனிக்குறியாக வருவது அரிது. ஆகவே உரையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறந்தாங்கியில், அறந்தாங்கிக்கு, அறந்தாங்கியை என்று எந்த வேற்றுமை ஏறினாலும் பெயரின் முற்பகுதி மாறாது, எளிதாகச் சிக்கும். ஜெகதாப்பட்டினம் அப்படியில்லை. ‘பட்டினத்தில்’ என்றதும் மகரம் போய் அத்துச் சாரியை வந்து உட்காரும், முழுப்பெயரைத் தேடும் நிரல் கைவிரித்துவிடும். ஆவுடையார்கோயிலை ஒரு நாளிதழ் யகரத்தோடும் இன்னொன்று வகரத்தோடும் எழுதும். புதுக்கோட்டை என்ற பெயரில் தூத்துக்குடி அருகிலும் ஓர் ஊர் உண்டு. இதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு வேண்டியதில்லை. தாலுகாவின் ஊர்ப் பெயர்களை, அவற்றின் மாற்று வடிவங்களோடும் விகுதி ஏறும் அடியோடும், உட்கார்ந்து ஒரு பட்டியலாக எழுதினால் பெரும்பகுதி முடிந்துவிடும். உள்ளூர்க்காரர் ஒருவர் செய்தால் அந்தப் பட்டியல் சிறப்பாகவே அமையும்.

ஓடையை எத்தனை முறை போய்ப் பார்ப்பது என்பதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் இறக்கினால் வாசகரின் டேட்டாவும் வீண், தளத்தின் சர்வருக்கும் சுமை. கடைசியாக எடுத்த பதிப்பின் அடையாளத்தைச் சொல்லி, மாற்றம் உண்டா என்று கேட்டால், மாற்றமில்லாதபோது சர்வர் 304 என்ற ஒற்றைப் பதிலோடு நிறுத்திக்கொள்ளும். ஒரே செய்தி திருத்தப்பட்டு மறுபடி வந்தால் அதைப் புதுச் செய்தி என்று காட்டாமலிருக்க, ஓடை தரும் தனியடையாளத்தைக் கொண்டு ஒப்பிட வேண்டும். நேரத்திலும் கண் வேண்டும். இந்திய நேரத்தை எழுதிவிட்டு கிரீன்விச் நேரம் என்று முத்திரை குத்தும் ஓடையின் செய்திகள் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வந்து பட்டியலின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். வருங்கால நேரம் கண்டால் அதை இறக்கிய நேரமாக மாற்றிக்கொள்வதே எளிய மருந்து.

உரிமைச் சிக்கலும் இந்தக் கட்டத்திலேயே எழும். ஓடையில் வெளியீட்டாளர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவைக் காட்டி, மீதிக்கு அவர் தளத்துக்கு அனுப்புவது பாதுகாப்பான வழி. முழுச் செய்தி வேண்டுமென்றால் ஒப்பந்தம் வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள் செய்தித் திரட்டிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. பொழுதுபோக்காகத் தொடங்கும் செயலி ஆயிரக்கணக்கானோரிடம் போனபின் அவற்றைப் படிப்பதைவிட, முன்பே படித்துவிடுவது நல்லது.

வைத்திருக்கும் வேலையின் அருமையை 2018 நவம்பர் 16 காட்டியது. அன்று அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் புகுந்து, தென்னையையும் மின்கம்பத்தையும் ஒன்றாகச் சாய்த்தது. பல கிராமங்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரங்களும் ஊமையாயின. இணைப்பு இருந்தால்தான் இயங்குவேன் என்னும் செயலி அத்தகைய நாளில் வெற்றுப் பலகை. கிடைத்த சில நிமிட இணைப்பில் உரையை முதலில் இறக்கி, படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடும் செயலிதான் பயன்படும். கணக்கு எளியது. முந்நூறு சொற்கள் கொண்ட தமிழ்ச் செய்தி ஏழெட்டு கிலோபைட்தான். சுருக்கி அனுப்பினால் அதுவும் பெரிதாகக் குறையும். அதனோடு வரும் ஒரே புகைப்படம் நூற்றுக்கணக்கான கிலோபைட் தின்னும். கடைசியாக எப்போது இறக்கியது என்பதைத் திரையில் தெளிவாகக் காட்டுவதும் அவசியம். நேற்றைய புயல் எச்சரிக்கையை இன்றையது என்று நம்புவதைவிட எச்சரிக்கையே இல்லாதது மேல். இருண்ட பின்னணி வைத்தால் பேட்டரி மிச்சமாகும் என்ற நம்பிக்கை ஓஎல்இடி திரைகளுக்குத்தான் பொருந்தும். மலிவான டேப்கள் பெரும்பாலும் எல்சிடி. அவற்றில் திரையின் ஒளியைக் குறைப்பதே பலன் தரும்.

எதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதற்கும் விதி வேண்டும். படித்து முடித்தவை ஒரு வாரத்தில் போகலாம். படிக்காதவை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். வாசகர் கைப்பட எடுத்து வைத்த செய்தியைச் செயலி தானாக ஒருபோதும் அழிக்கக் கூடாது. சொந்த ஊர்க்காரர் ஒருவரின் செய்தியையோ, தேர்வு அறிவிப்பையோ, நிலம் சம்பந்தமான அரசாணையையோ எடுத்து வைத்தவருக்கு அது செய்தியல்ல, ஆவணம்.

காட்டும் வேலையில் டேப்லெட் கைபேசியிலிருந்து விலகும் இடம் அகலம். ஆண்ட்ராய்டு 2011இலேயே, குறுக்களவு 600 அலகை எட்டும் திரைக்குத் தனி அமைப்புத் தரும் வழியைக் கொடுத்துவிட்டது. ஏழங்குல டேப் அந்த எல்லையில் தொடங்குகிறது, பத்தங்குலம் 720இல். இடப்பக்கம் தலைப்புப் பட்டியல், வலப்பக்கம் செய்தி என்ற இரட்டைப் பலகை அமைப்பு படுக்கைவாட்டில் நன்றாகப் பொருந்தும். நிமிர்த்திப் பிடித்தால் இரண்டும் நெருக்குண்டு போகும், ஆகவே ஒன்றுதான் காட்ட வேண்டும். கருவியைத் திருப்பும்போது படித்துக்கொண்டிருந்த பத்தி கண்ணைவிட்டு ஓடாமலிருப்பது முக்கியம். ஸ்க்ரோல் அளவைப் பிக்சலில் நினைவு வைத்தால் ஓடிவிடும், பத்தி எண்ணாக நினைவு வைத்தால் நிற்கும்.

தமிழுக்கு வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வேண்டும். மேலே ஈகாரச் சுழியும் கீழே ஊகார வளைவும் ஒன்றையொன்று இடிக்கும். இருபுறமும் ஓரம் சமமாக்கும் அமைப்பைத் தவிர்ப்பது நல்லது. நீண்ட தமிழ்ச் சொற்கள் குறுகிய பத்தியில் அடுத்த வரிக்குத் தாவ, மிஞ்சிய சொற்களுக்கிடையே பெரிய பள்ளங்கள் விழும். அச்சு நாளிதழ்கள் இந்தச் சிக்கலை, சொல்லை எங்கே வேண்டுமானாலும் இணைகோடின்றி வெட்டித் தீர்த்துக்கொண்டன. கண் பழகிவிட்டது. திரையிலும் வெட்டலாம். ஆனால் மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் பிரிக்கக் கூடாது. புள்ளியெழுத்து வரியின் தலையில் வந்து நிற்கவும் கூடாது. எழுத்தின் அளவை வாசகர் கையில் விட்டுவிட வேண்டும். டேப்லெட்டில் நாளிதழ் படிப்போரில் கணிசமானவர்கள் கண் மங்கிய முதியோர். எழுத்தைப் பெரிதாக்கினாலும் பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கிறதா என்பதைப் பெரிய அளவில் வைத்தே சோதிக்க வேண்டும். படித்துக் காட்டும் வசதியும் தமிழில் இருக்கிறது. தலைப்பு எது, தேதி எது, விளம்பரம் எது என்று செயலி சரியாகக் குறித்திருந்தால்தான் அந்தக் குரல் உளறாமல் படிக்கும்.

இவ்வளவும் சேர்ந்ததே முதல் பதிப்பு. அதன்பின் வரும் புதுப்பிப்புகளில் ஆக்கியவரின் விருப்பத்தால் வருபவை சொற்பம். இயங்குதளத்தின் கட்டாயத்தாலும் செய்தித் தளங்களின் மாற்றத்தாலும் வருபவையே மிகுதி. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015இல், சும்மா கிடக்கும் கருவியின் பின்னணி வேலைகளை உறங்கவைக்கும் முறை அறிமுகமானது. 2017இல் எட்டாம் பதிப்பு அதை இறுக்கியது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தவறாமல் செய்தி இறக்கிய செயலிகள் திடீரெனச் சோம்பேறிகளாகத் தெரிந்தன. இப்போது அந்த வேலையை இயங்குதளத்தின் அட்டவணைப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியை அது ஏற்காது, சொன்ன நிமிடத்தில் செய்வதாக வாக்கும் தராது. 2018இல் ஒன்பதாம் பதிப்பு, பூட்டில்லாத எச்டிடிபி இணைப்புகளை இயல்பாகவே மறுத்தது. பெரிய நாளிதழ்களுக்கு அதனால் ஒன்றுமில்லை, சிற்றிதழ்களும் ஊர்ச் செய்தித் தளங்களும்தான் பட்டியலிலிருந்து மறைந்தன. 2022இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பில் அறிவிப்பு அனுப்பவே வாசகரிடம் அனுமதி கேட்க வேண்டும். கண்டதற்கெல்லாம் ‘பிரேக்கிங்’ என்று மணியடித்த செயலிகளால் வந்த வினை இது. அடக்கமாக இருந்த செயலிகளும் சேர்ந்து விலை கொடுக்கின்றன. கூகுள் பிளேயோ 2018 முதல், அண்மைப் பதிப்பை இலக்காகக் கொள்ளாத புதுப்பிப்புகளை ஏற்பதில்லை. ஒன்றும் மாற்ற விரும்பாதவரும் ஆண்டுக்கொருமுறை மாற்றியாக வேண்டும்.

வாசகர் கையில் இருப்பதோ பழைய டேப். கைபேசியை மாற்றும் வேகத்தில் யாரும் டேப்லெட்டை மாற்றுவதில்லை. பிள்ளை படிப்புக்கு வாங்கியது தாத்தாவின் கைக்கு வந்திருக்கும். தயாரித்த நிறுவனம் அதற்கு இயங்குதளப் புதுப்பிப்பு அனுப்புவதை எப்போதோ நிறுத்தியிருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று, இணையத்தில் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கருவிகளிடம் அதற்கு மாற்றான சான்றிதழ் இல்லை. அந்தத் தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு செய்த தனி ஏற்பாட்டால் மேலும் மூன்றாண்டுகள் தள்ளிப்போட முடிந்தது. சான்றிதழைச் செயலிக்குள்ளேயே வைத்து அனுப்பினால் அந்தக் கருவிகளை இன்னும் சில காலம் வாழவைக்கலாம். ஆண்ட்ராய்டு 5க்கும் கீழே போவது வேறு கதை. புதிய பாதுகாப்பு இணைப்பு முறை அவற்றில் இயல்பாக இயங்காது, ஒவ்வொரு சோதனையையும் இருமுறை செய்ய வேண்டிவரும். எங்கேயாவது கோடு கிழித்தாக வேண்டும். கிழித்தபின், பழைய கருவிக்கு ஏற்ற கடைசிப் பதிப்பை பிளே ஸ்டோர் தொடர்ந்து கொடுக்கும். அந்தக் கடைசிப் பதிப்பு குறையில்லாததாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே கோடு கிழிப்பவரின் கடமை.

புதுப்பிப்பில் நேரக்கூடிய பெரிய விபத்து, தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும்போது வாசகர் எடுத்து வைத்தவை அழிந்துபோவது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மட்டும் சோதித்தால் போதாது. ஓராண்டாகப் புதுப்பிக்காத கருவி நான்கு பதிப்புகளைத் தாண்டி ஒரே குதியில் வரும். அந்தப் பாதையையும் சோதிக்க வேண்டும். வெளியிடும்போது முதலில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அனுப்பி, இரண்டு நாள் பார்த்து, பிறகு எல்லோருக்கும் திறந்துவிடும் வசதி உண்டு. செயலியைக் கையொப்பமிடும் சாவிக் கோப்புக்கு இரண்டு நகல் வேண்டும். ஆக்கியவர் தானே காத்துக்கொள்ளும் முறையில் அது தொலைந்தால் அதே செயலிக்குப் புதுப்பிப்பு அனுப்பவே முடியாது. ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்ற ஒற்றை வரியை எல்லாப் பதிப்புக்கும் ஒட்டுவதைவிட, எது மாறியது என்று இரண்டு வாக்கியம் தமிழில் எழுதினால் வாசகர் படிக்கிறார். குறை சொல்வோரும் எந்தப் பதிப்பில் என்று சொல்லத் தொடங்குவார்கள்.

செய்தித் தளங்களின் மாற்றத்துக்கு அறிவிப்பே வராது. ஒரு நாளிதழ் தளத்தை மறுவடிவமைக்கும், ஓடையின் முகவரி மாறும் அல்லது ஓடையே நின்றுவிடும். முகவரிப் பட்டியலைச் செயலிக்குள் எழுதி வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய பதிப்பு வெளியிட வேண்டும். தனியே ஒரு சிறு கோப்பாக சர்வரில் வைத்து, செயலி வாரம் ஒருமுறை அதை எடுத்துக்கொள்ளும்படி செய்தால் அந்தத் தொல்லை இல்லை. மூன்று நாளாக ஒன்றும் தராத ஓடையை ஆக்கியவருக்குக் காட்டிக்கொடுக்கும் ஒரு கண்காணிப்பும் வேண்டும். வாசகர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். செயலியை நீக்கிவிட்டுப் போய்விடுவார்.

கடைசியாக, செயலியை மூடும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். கூகுள் ரீடர் 2005இல் தொடங்கி 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. மார்ச்சிலேயே அறிவித்து, மூன்றரை மாத அவகாசம் தந்தது. வாசகர்கள் தங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொதுக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். இந்த ஏற்றுமதி வசதியை முதல் பதிப்பிலேயே வைத்துவிடலாம். நூறு வரி நிரலுக்குள் அடங்கும். ஆனால் ஓபிஎம்எல் கோப்பில் ஓடைகளின் முகவரி மட்டுமே போகும். எடுத்து வைத்த செய்திகள் போகா. அவற்றைத் தேதியும் மூலச் சுட்டியும் சேர்த்து, எந்த உலாவியிலும் திறக்கும் எச்டிஎம்எல் பக்கமாகத் தனியே கொடுக்க வேண்டும்.